புது மைக் வாங்கும் முன் அலமாரியைத் திறங்கள்

வீட்டில் பதிவு செய்த குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், உடனே விலை உயர்ந்த மைக்கைத் தேடத் தோன்றும். பெரும்பாலும் கோளாறு அறையில்தான். நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீடுகளில் டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், கண்ணாடி ஜன்னல். குரல் பட்டுத் தெறிக்காமல் என்ன செய்யும்? அறை நடுவில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். "டிர்ர்" என்று எதிரொலித்தால் எந்த மைக்கும் அதையும் சேர்த்தே பதிவு செய்யும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று, மைக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பாடுங்கள். பக்கவாட்டில் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிடலாம். செலவே இல்லை!

பக்கத்து வீட்டு டிரில் சத்தம், குயில், எம்ஆர்டி ரயில் இதெல்லாம் ஓயாத வீடென்றால், சின்னச் சத்தத்தையும் பிடித்துவிடும் கண்டென்சர் மைக்கை விட, வாய்க்கு அருகே வைத்துப் பாடும் டைனமிக் மைக் நல்லது. அந்த வகையில் 1966இல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் விற்கிறது.

மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் கருவி 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் பதிவுத் தரம் தந்தால் போதும். உங்கள் கணினியில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் கிடைக்காமல் போனால் மட்டும் மாற்றுங்கள். கேரசல் விற்பனைத் தளத்தில் பழையது வாங்கினால் லேப்டாப்பையும் ஹெட்ஃபோனையும் எடுத்துப் போய், ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் மலிவு என்று தெரிந்தால், 9% ஜிஎஸ்டியையும் அனுப்பும் செலவையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.