கொட்டிலுக்குள் ரோலரால் காருக்குப் பெயின்ற் பூசுதல்: இரண்டு தடவை செய்தவனின் குறிப்புகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய கார் வைத்திருந்தவர்கள் அதை மாற்ற வழியின்றி, இருப்பதையே பேணப் பழகிக்கொண்டோம். என் மாருதி 800 அப்படிப் பேணப்பட்ட ஒன்று. கிளிநொச்சியில் இரண்டு கராஜ்களில் விசாரித்தபோது, பெயின்றுக்குச் சொன்ன தொகை இயந்திரத்தைக் கழற்றித் திருத்தும் செலவைவிட அதிகமாக இருந்தது. ஆகவே வீட்டு வளவில், முன்பு மாடு கட்டிய கொட்டிலுக்குள் காரை ஏற்றி, எனாமல் பெயின்றும் ஸ்பொஞ்ச் ரோலரும் கொண்டு நானே பூசினேன்.

முதல் தடவை பூசியது மூன்று வாரத்துக்குள் கொப்புளம் கட்டியது. இரண்டாம் தடவை பூசியது இரண்டு கோடையையும் ஒரு மாரியையும் கண்ட பின்னும் அப்படியே இருக்கிறது. இரண்டு தடவையும் பெயின்ற் ஒன்றுதான், வாங்கிய கடையும் ஒன்றுதான். பிழை பெயின்றுக்குக் கீழே இருந்தது. அதனால் இந்தக் குறிப்பில் பூசுவதைப் பற்றிக் குறைவாகவும், பூசுவதற்கு முந்திய வேலையைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன். பம்பர், விளக்குகள், இலக்கத் தகடு, வைப்பர் ஆகியவற்றைக் கழற்றுவது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஏன் ரோலர்?

ஸ்பிரே அடித்தால் அழகாக வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கொம்பிறசர் வேண்டும், காற்றோடு வரும் ஈரத்தைப் பிரிக்கும் வடிகட்டி வேண்டும், பறக்கும் பெயின்ற் அயல் வீட்டுக் கொடியில் காயும் உடுப்பிலும் திறந்த கிணற்றிலும் படியாத இடம் வேண்டும். இரண்டு கூறுகளைக் கலந்து அடிக்கும் பெயின்றை வீட்டில் அடிக்கவே வேண்டாம். அதன் இறுக்கியில் உள்ள ஐசோசயனேற் என்ற இரசாயனம் நுண்துளிகளாக நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமா வரக்கூடும். கடையில் விற்கும் சாதாரண முகக்கவசம் அதற்குப் போதாது. ரோலர் எனாமலுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. நேரம்தான் கூட வேண்டும், அது நம்மிடம் இருக்கிறது.

நிறத்தை மாற்றும் ஆசையையும் விட்டுவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் வாகனத்தின் நிறம் எழுதப்பட்டிருப்பதால், மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தம் செய்ய வேண்டும். அதைவிட, வேறு நிறம் பூசினால் கதவின் உட்புறமும் பொனற்றின் அடிப்புறமும் பழைய நிறத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். என் கார் வெள்ளை, பூசியதும் வெள்ளை. கறுப்பும் கடும் நீலமும் சிறு குழியைக்கூட மறைக்காமல் காட்டும் என்பதால், முதன்முறையாகச் செய்பவர்களுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

காலமும் இடமும்

வைகாசியில் கச்சான் காற்று எழுந்துவிட்டால் புரட்டாதி வரை செம்மண் புழுதி ஓயாது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மழை. தையிலும் மாசியிலும் காலைப் பனி இருக்கும். போதாததற்கு, வயலோரத்தில் குடியிருப்பவர்களுக்குக் காலபோக அறுவடை இயந்திரம் கிளப்பும் வைக்கோல் தூசும் உண்டு. எனவே எங்கள் பக்கத்தில் பங்குனி நடுப்பகுதி முதல் சித்திரை முடியும் வரைதான் நல்ல காலம். கொட்டிலின் மூன்று பக்கத்தையும் தறப்பாளால் மறைத்து, காற்று வராத பக்கத்தை மட்டும் திறந்து விடுங்கள். கூரை கிடுகாக இருந்தால் அதற்குக் கீழும் ஒரு தறப்பாள் கட்ட வேண்டும், இல்லையேல் ஓலைத் தும்பு ஈரப் பெயின்றில் விழும். முதல் நாள் மாலையே நிலத்துக்கு நீர் தெளியுங்கள். கோழிகளை அடைத்து வையுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது என் பொனற்றின் முதற் பூச்சுக்குத் தெரியும்.

துடைத்தல்

முதலில் சவர்க்கார நீரால் கழுவி, காய்ந்த பின் மினரல் டர்பன்டைனில் நனைத்த சீலையால் துடைத்து, அது உலருமுன் வேறொரு சுத்தமான சீலையால் ஒற்றி எடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். பெற்றோல் கிடைக்காத ஆண்டுகளில் மண்ணெண்ணெயிலேயே வாகனம் ஓட்டிப் பழகிய ஊர் இது என்பதால், எதைத் துடைப்பதென்றாலும் கை அந்தப் போத்தலுக்குத்தான் போகும். ஆனால் அது முழுதாக ஆவியாகாமல் மெல்லிய எண்ணெய்ப் படையை விட்டுச் செல்லும், அதன்மேல் பெயின்ற் பிடிக்காது. டாஷ்போர்ட்டை மினுக்கும் சிலிக்கன் பொலிஷ் தகட்டில் பட்டிருந்தாலும் பெயின்ற் வட்டம் வட்டமாக விலகி நிற்கும். அத்தகைய போத்தல்களைக் கொட்டிலுக்குள் கொண்டு வராதீர்கள்.

கறளும் பட்டியும்

கறள் பிடித்த இடத்தை, கம்பித் தூரிகையாலும் 80 இலக்கச் சாண்ட் பேப்பராலும் வெறும் தகடு பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும். குழிக்குள் கறுத்த புள்ளிகள் எஞ்சினால், பொஸ்பரிக் அமிலம் சேர்ந்த கறள் நீக்கியைத் தடவி, போத்தலில் எழுதியிருக்கும் நேரம் விட்டுக் கழுவுங்கள். ஊசி முனையால் குத்தும்போது தகடு துளைபட்டால் அங்கே பட்டியால் (பள்ளம் நிரப்பும் பசையால்) நிரப்பிப் பயனில்லை. தகடு வெட்டி ஒட்டுபவரிடம் போக வேண்டும். பழைய பெயின்றைத் தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், பழைய வாகனங்களின் பூச்சில் ஈயம் இருக்கலாம்.

நான் வழுக்கி விழுந்தது இதற்கு அடுத்த படியில்தான்.

பள்ளங்களை நிரப்பும் பொலியெஸ்டர் பட்டியோடு சிறு குழாயில் ஓர் இறுக்கி தருவார்கள். நிறையில் 100 பங்கு பட்டிக்கு ஏறத்தாழ 2 பங்கு இறுக்கி போதும். ஒரு தேசிக்காய் அளவுக்கு ஒரு கடலை அளவு என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். வன்னி வெயிலில் அது 4 அல்லது 5 நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடுவதால், ஒரு தடவையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மேல் குழைக்காதீர்கள். இவையெல்லாம் டின்னிலேயே எழுதியிருக்கும். டின்னில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தது, அல்லது நான் வாசிக்காமல் விட்டது, இன்னொன்று: இறுகிய பட்டியை நீர் விட்டுத் தேய்க்கக் கூடாது.

பெயின்றைத் தேய்ப்பதற்கு வோட்டர் பேப்பரையும் நீரையும் பயன்படுத்துவதைக் கராஜ்களில் பார்த்திருந்ததால், பட்டியையும் நான் அப்படியே தேய்த்தேன். தூசு பறக்காததால் சுகமாகவும் இருந்தது. பட்டியில் பெரும்பகுதி மாக்கல் தூள். அது நுண்துளைகளால் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேற்பரப்பைத் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் பிறைமர் என்ற அடிப்பூச்சும் நான்கு பூச்சு எனாமலும் ஏற்றி மூடிவிட்டேன். வெயிலில் கார் நின்றபோது அந்த ஈரம் வெளியேற வழி தேடியது. பதினெட்டாம் நாள் இடது முன் மட்காட்டில் பயற்றளவு கொப்புளங்கள் எழுந்தன. ஒன்றைக் கீறிப் பார்த்தேன், கீழே தகடு ஏற்கனவே செம்மஞ்சளாகக் கறள் கட்டியிருந்தது.

பட்டி பூசாத கூரையிலும் சில கொப்புளங்கள் இருந்ததுதான் என்னைக் குழப்பியது. அதற்குக் காரணம் கிணறு. எங்கள் கிணற்று நீரில் கேத்தலில் வெள்ளைப் படிவு கட்டும் அளவுக்குக் கனம் உண்டு. தேய்த்த தகட்டை அந்த நீரால் கழுவி, வெயிலில் தானாகக் காய விட்டிருந்தேன். துளி காய்ந்த இடத்தில் உப்பு தங்கும். பெயின்ற் படையின் கீழ் அகப்பட்ட உப்பு, மாரிக் காற்றின் ஈரத்தையும் மழை நீரையும் படையினூடாக இழுத்துத் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொள்ளும். அந்த இடம் பொங்கி எழும்.

இரண்டாம் தடவை பட்டியை 80, 180, 320 என்று மூன்று இலக்கச் சாண்ட் பேப்பரால் உலர்வாக மட்டுமே தேய்த்தேன். கையால் நேரடியாகத் தேய்க்காமல், தட்டையான மரத்துண்டில் கடதாசியைச் சுற்றித் தேய்த்தேன். விரல் அழுத்தும் இடமெல்லாம் பள்ளமாகும். பட்டி இல்லாத இடங்களின் கடைசிக் கழுவலுக்கு, கூரைப் பீலியிலிருந்து பிடித்து மூடி வைத்த மழைநீரைப் பயன்படுத்தினேன். மழைநீர் இல்லாதவர்கள், குடிக்கக் காசு கொடுத்து வாங்கும் சுத்திகரித்த நீரில் ஒரு கலன் எடுத்துக்கொண்டால் போதும். எதுவானாலும் தானாகக் காய விடாமல் சீலையால் ஒற்றி எடுங்கள்.

பிறைமர்

வெறும் தகடும் பட்டியும் தெரியும் இடங்களுக்கெல்லாம் பிறைமர் அவசியம். எனாமலோடு ஒத்துப்போகும் ஒற்றைக் கூற்றுப் பிறைமரை, இரண்டு மெல்லிய பூச்சாக, தூரிகையால் பூசினேன். காய்ந்த பின் சிரட்டைக் கரியை இடித்து மாவாக்கி, சீலையில் தொட்டுப் பிறைமர் முழுவதும் பூசிவிட்டு 400 இலக்கக் கடதாசியால் தேய்த்தால், பள்ளமான இடத்தில் மட்டும் கறுப்பு எஞ்சி நிற்கும். இதற்கென்று கடையில் தனிப் பொடி விற்கிறார்கள், தேவையில்லை. கரியை முழுதாகத் துடைத்தெடுக்க மறக்காதீர்கள்.

பூசுதல்

நான்கு அங்குல, நெருக்கமான ஸ்பொஞ்ச் ரோலர்களில் ஐந்தாறு வாங்குங்கள். கம்பளி ரோலர் சுவருக்கு உரியது. கண்ணாடி ரப்பரின் விளிம்புக்குக் கீழே மெல்லிய நைலோன் கயிற்றைச் செருகினால் ரப்பர் சற்றே எழும்பி நிற்கும். மாஸ்கிங் ரேப்பை அதன் கீழ்வரை ஒட்டலாம். வலைக் கயிறு மிகப் பொருத்தம்.

பெயின்றை டின்னிலிருந்து அப்படியே பூசினால் தோடம்பழத் தோல் போல வரும். பத்துப் பங்கு பெயின்றுக்கு இரண்டு பங்கு டர்பன்டைன் என்று தொடங்கி, பழைய யன்னல் கண்ணாடித் துண்டொன்றை நிமிர்த்தி வைத்து அதில் உருட்டிப் பாருங்கள். குமிழ்கள் ஒரு நிமிடத்துக்குள் உடைந்து பரப்பு சமப்பட வேண்டும், ஆனால் கீழே வழியக் கூடாது. குமிழ் நின்றால் சற்று டர்பன்டைன், வழிந்தால் சற்றுப் பெயின்ற். கலந்ததைப் பழைய காற்சட்டைத் துணியில் வடிகட்டுங்கள்.

பனி உலர்ந்ததும் தொடங்கி ஒன்பதரைக்குள் நிறுத்திவிடுங்கள். தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும் வரை சுகமாக வைத்திருக்க முடியாவிட்டால், அன்றைக்கு அந்தத் தகட்டைத் தொட வேண்டாம். சூட்டில் பெயின்றின் மேற்புறம் முந்தி இறுகி, உள்ளிருக்கும் டர்பன்டைன் அகப்பட்டுவிடும். ஒரு கதவைத் தொடங்கினால் இடையில் நிறுத்தாமல் முடியுங்கள். முதற் பூச்சு அருவருப்பாகத்தான் இருக்கும், பழைய நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். அதை மறைக்கத் தடிப்பாகப் பூசுவதே எல்லாரும் செய்யும் பிழை.

பூச்சுக்குப் பூச்சு ஒரு முழு நாள் விட்டேன். நகத்தால் அழுத்தினால் தழும்பு விழாத நிலை வந்தால்தான் அடுத்தது. இரண்டு பூச்சுக்குப் பின் 800 இலக்க வோட்டர் பேப்பரால், இம்முறை நீர் விட்டு, சவர்க்காரம் சிறிது தொட்டுத் தேய்த்தேன். மேலும் இரண்டு பூச்சு, 1000 இலக்கம், பிறகு கடைசிப் பூச்சு. நுளம்பு ஒட்டினால் ஈரத்தில் தோண்டாதீர்கள், காய்ந்த பின் தேய்த்தால் போய்விடும். ஐந்து பூச்சுக்கும் சேர்த்து எனக்கு இரண்டரை லீற்றர் அளவில் முடிந்தது.

எனாமல் டர்பன்டைன் பறந்ததும் காய்ந்துவிடுவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்தே உள்ளே இறுகும். ஆகவே மெருகேற்ற ஒரு மாதம் பொறுங்கள். பின்னர் 1500, 2000 இலக்கங்களால் நீரோடு தேய்த்து, ரப்பிங் கொம்பவுண்டைச் சீலையால் வட்டமாக அழுத்தினால் ரோலர் தடம் மறையும். விளிம்புகளில் அழுத்த வேண்டாம், அங்கே படை மெல்லியது.

எனாமல் துடைத்த சீலைகளைக் குவித்து வைக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும், குவியலுக்குள் அந்தச் சூடு ஏறித் தானே தீப்பற்றக்கூடும். கிடுகுக் கொட்டிலில் இது விளையாட்டல்ல. வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காய விட்ட பின்னரே எறியுங்கள்.

பிற்சேர்க்கை

முதலில் இதை எழுதியபோது விட்டுப்போன இரண்டை வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஒருவர், எனாமல் பூசிய ஒரு மாதத்தின் பின் கீறலை மறைக்க ஸ்பிரே கானில் வரும் லாக்கர் என்ற வேறு வகைப் பெயின்றை அடித்தபோது, பெயின்ற் வற்றிய குளத்துச் சேறு போலச் சுருங்கி எழுந்ததாக எழுதினார். லாக்கரின் தின்னர் கடுமையானது, எனாமலைக் கிளப்பிவிடும். நன்கு காய்ந்த லாக்கரின் மேல் எனாமல் பூசலாம், எனாமலின் மேல் லாக்கர் கூடாது. பழைய பூச்சு எது என்று அறிய, மறைவான ஓரிடத்தில் லாக்கர் தின்னர் தொட்ட சீலையை வைத்துப் பாருங்கள்: நிறம் கரைந்து சீலையில் ஏறினால் லாக்கர், சுருங்கினால் எனாமல், ஒன்றும் நடக்காவிட்டால் பெரும்பாலும் சூளையில் இறுகிய தொழிற்சாலைப் பூச்சு.

மற்றவர் முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து, தேய்த்த தகட்டை இரவு விட்டுக் காலையில் பிறைமர் பூசலாமா என்று கேட்டார். கூடாது. கடற்காற்றில் உப்பு ஓரிரவுக்குள் வெறும் தகட்டில் படிந்துவிடும். ஒரு நாளில் பிறைமர் பூசி முடிக்கக்கூடிய அளவு தகட்டை மட்டும் தேய்த்து, அன்றே மூடிவிடுங்கள்.

மிஞ்சிய பெயின்றைப் பெரிய டின்னிலேயே விட்டால் மேலே தோல் கட்டிவிடும். சிறிய கண்ணாடிப் போத்தலில் வாய்வரை நிரப்பி, இறுக மூடி, தலைகீழாக வைத்திருக்கிறேன். சென்ற மாதம் படலை உரசிய கீறலுக்கு அதிலிருந்துதான் எடுத்தேன்.