ஒரு கொசு வைரஸைப் பரப்புமா என்பதை ஆய்வகத்தில் உறுதி செய்வது எப்படி

ஒரு கொசுவின் உடலில் வைரஸ் இருப்பதைக் கண்டவுடனே அது நோயைப் பரப்புகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நோயாளியைக் கடித்த எந்தக் கொசுவின் வயிற்றிலும் வைரஸ் கலந்த ரத்தம் சிறிது காலம் தங்கியிருக்கும். ஆர்டி-பிசிஆர் சோதனை, அந்த ரத்தத்தில் மிஞ்சிய மரபணுத் துணுக்கையும் பிடித்துக் காட்டிவிடும். பரப்பும் திறன் உண்டு என்று சொல்ல வேண்டுமானால், வைரஸ் நடுக்குடலின் செல்களுக்குள் புகுந்து பெருகி, அங்கிருந்து தப்பி உடற்குழி நீரில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது உமிழ்நீரோடு வெளியே வந்தாக வேண்டும். சோதனை முழுவதையும் இந்தப் பாதையைப் பின்தொடரும்படி அமைக்க வேண்டும்.

ஆய்வுக்குரிய பகுதியில் முட்டைகளைச் சேகரித்து வளர்த்த முதல் சில தலைமுறைக் கொசுக்களையே பயன்படுத்துங்கள். பல ஆண்டுகளாகக் கூண்டிலேயே பெருகிய கொசுக்கள் வசதியானவைதான். ஆனால் அவற்றில் கிடைக்கும் முடிவு வெளியே பறக்கும் கொசுவுக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. ஐந்து முதல் ஏழு நாள் வயதுள்ள பெண் கொசுக்களுக்கு ஒரு நாள் சர்க்கரைக் கரைசலை நிறுத்திவிட்டு, வைரஸ் கலந்த ரத்தத்தை 37 டிகிரி செல்சியஸில் சவ்வின் வழியே ஊட்ட வேண்டும். ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் அந்த ரத்தத்தில் உயிருள்ள வைரஸ் எவ்வளவு இருந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு இல்லாவிட்டால் கொசு தொற்றை எதிர்த்ததா, ரத்தத்திலேயே வைரஸ் போதவில்லையா என்று பிரித்தறிய வழியில்லை. பிறகு குளிரில் மயக்கி, வயிறு நிறையக் குடித்தவற்றை மட்டும் எண்ணி எடுத்து வையுங்கள். சிக்குன்குனியா, மஞ்சள் காய்ச்சல் போன்ற வைரஸ்களுக்கு மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகம் தேவை. அங்கே ஒரு கொசு கணக்கில் குறைந்தாலும், அது கிடைக்கும் வரை வேலையை நிறுத்தத்தான் வேண்டும்.

அடுத்தது காத்திருப்பு. மஞ்சள் காய்ச்சலைக் கொசுவே பரப்புகிறது என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இலேயே கூறியும் அவருடைய சோதனைகள் பிறரை ஏற்கச் செய்யவில்லை. கொசுவுக்குள் வைரஸ் முதிர்வதற்கான அவகாசம் அவற்றில் பெரும்பாலும் கிடைக்காததே முக்கியக் காரணம். 1900இல் கியூபாவில் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு ஏறத்தாழ 12 நாள்கள் காத்திருந்த பிறகு கடிக்க விட்டபோதுதான் உண்மை நிலைநின்றது. டெங்கு வைரஸுக்கு 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் இந்தக் காலம் பொதுவாக 8 முதல் 12 நாள்கள். ஆகவே 7, 14, 21ஆம் நாள்களில் மாதிரி எடுப்பது நல்லது.

மாதிரி எடுக்கும்போது முதலில் கால்களையும் இறகுகளையும் நீக்கித் தனிக் குழாயில் இடுங்கள். கால்களில் குடல் இல்லை. எனவே அங்கே வைரஸ் இருந்தால் அது குடலைத் தாண்டிவிட்டது என்று பொருள். அடுத்து, கொசுவின் ஊசிவாயை சீரம் நிரப்பிய நுண்குழாய்க்குள் நுழைத்து, அரை மணி நேரம் வரை உமிழ விடுங்கள். ஒவ்வொரு கொசுவுக்கும் இடையில் இடுக்கியை நன்றாகத் தூய்மைப்படுத்தாவிட்டால் ஒன்றின் வைரஸ் மற்றொன்றின் கணக்கில் ஏறிவிடும். கிடைத்த உமிழ்நீரை ஆர்டி-பிசிஆருக்கு மட்டும் அனுப்பாமல், ஆய்வகத்தில் வளர்க்கப்படும் குரங்குச் சிறுநீரகச் செல்களான வீரோ செல்களிலும் இட்டு, உயிருள்ள வைரஸ் வளர்கிறதா என்று பாருங்கள்.

விழுக்காட்டை எழுதும்போது எதற்கு விழுக்காடு என்பதையும் எழுதியாக வேண்டும். எடுத்துக்காட்டாக, ரத்தம் குடித்த 40 கொசுக்களில் 24இன் உடலிலும், 12இன் கால்களிலும், 6இன் உமிழ்நீரிலும் வைரஸ் இருப்பதாகக் கொள்வோம். வைரஸ் கால்களை எட்டியவற்றுள் பாதி பரப்பக்கூடியவை என்பதும் சரி, குடித்தவற்றுள் 15 விழுக்காடே பரப்பக்கூடியவை என்பதும் சரி. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது வாசிப்பவரை ஏமாற்றுவதாகும்.

எந்த வைரஸ் வகையைப் பயன்படுத்தினீர்கள் என்பதையும் விடாமல் குறிப்பிடுங்கள். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் 2005-06இல் பரவிய சிக்குன்குனியா வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு அதை மிக எளிதாகப் பரப்புவதற்கு அந்த மாற்றமே போதுமானதாக இருந்தது.

கடைசியாக, அந்தக் கொசு வெளியில் எத்தனை நாள் உயிர்வாழ்கிறது என்பதையும் அளக்க வேண்டும். நாள்தோறும் 90 விழுக்காடு கொசுக்கள் பிழைத்தால் பத்து நாள் கழித்து ஏறத்தாழ 35 விழுக்காடு மிஞ்சும். 80 விழுக்காடுதான் பிழைக்கின்றன என்றால் 11 விழுக்காட்டுக்கும் குறைவாகவே மிஞ்சும். ஆய்வகத்தில் ஒரே திறன் காட்டிய இரு கொசுக் கூட்டங்கள் வெளியில் வெவ்வேறு அளவில் நோயைப் பரப்புவதற்கு இந்த வேறுபாடே பெரிய காரணமாகலாம்.