குறட்டைக்குத் தாடை கிளிப்: மாட்டும் முன்னும் மாட்டிய பின்னும்

தூக்கத்தில் குறட்டை நின்று, மூச்சும் நின்று, திணறி மறுபடி வருகிறதா? இரவில் பற்களில் மாட்டிக்கொள்ளும் தாடை கிளிப்புக்காகப் பல் டாக்டரிடம் போவதற்கு முன் தூக்கப் பரிசோதனை வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனையிலோ வேறெங்கோ, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண் ரிப்போர்ட்டில் வரும். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம். இவற்றுக்குக் கிளிப் நன்றாகவே உதவும். 30-ஐத் தாண்டினால் முதல் வைத்தியம், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின்தான். அதை மாட்டித் தூங்கவே முடியாதவர்களுக்குத்தான் கிளிப்.

கிளிப் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கிறது; கூடவே நாக்கும் முன்னே வருவதால் தொண்டை அடைபடுவதில்லை. அந்த இழுவை முழுவதையும் தாங்குவது பற்கள். அதனால் ஆடும் பல், சொத்தை, ஈறு வீக்கத்தை முதலில் சரிசெய்தாக வேண்டும். முழு பல் செட் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. வாய் திறக்கும்போது காதருகே வலித்தால் மறைக்காதீர்கள்.

கீழ்த்தாடையைப் பின்னே இழுத்து, பிறகு முடிந்தமட்டும் முன்னே நீட்டச் சொல்லி அளப்பார்கள். 10 மி.மீ. நீண்டால் 5 முதல் 7 மி.மீ.-க்குள் தொடங்குவது வழக்கம். அப்புறம் ஸ்க்ரூவைத் திருப்பிக் கொஞ்சங்கொஞ்சமாக முன்னேற்ற வேண்டும். மாடலைப் பொறுத்து ஒரு திருப்புக்கு 0.1 அல்லது 0.25 மி.மீ. நகரும். காலையில் தாடை வலி இருந்தால் அன்று திருப்பாதீர்கள். அவசரப்பட்டவர்கள் வலி தாங்காமல் கிளிப்பைப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் மலிவு கிளிப் நோயாளிக்குச் சரிப்படாது. பிடிமானம் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

முக்கியமானது இனிமேல்தான். குறட்டை நின்றதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் சத்தமே இல்லாமலும் மூச்சு நிற்கும். ஆகவே அளவு நிலைத்ததும், கிளிப்பை மாட்டியபடியே இன்னொரு தூக்கப் பரிசோதனை கட்டாயம். எண் இறங்கவில்லை என்றால் மேலும் முன்னேற்றுவதா, சிபாப்புக்குப் போவதா என்று டாக்டர் முடிவெடுப்பார். உடம்பு எடை கூடினாலும் திரும்பப் பார்க்க வேண்டும்.

இரவில் அல்வா சாப்பிட்டுவிட்டு அப்படியே மாட்டாதீர்கள். உள்ளே சிக்கும் இனிப்பை எச்சில் கழுவாது, சொத்தை விழும். காலையில் பச்சைத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். வெந்நீர் பட்டாலோ, சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்தாலோ வளைந்துவிடும்.

முதல் சில வாரம் எச்சில் ஊறும், பல் கூசும். எழுந்ததும் கடைவாய்ப் பற்கள் சேராதது போலிருக்கும். சற்று நேரம் சுவிங்கம் மென்றால் சரியாகும். மத்தியானம் வரைக்கும் சேரவில்லை என்றால் பற்கள் நகரத் தொடங்கியிருக்கலாம், டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.