டவுன் சின்ட்ரோம் சோதனை: பிள்ளைத்தாச்சி வீடுகளில் நடக்கிற பிழைகள்

இலங்கையில் களுவாஞ்சிக்குடியில் இருக்கிற என் மச்சாளுக்குப் போன வருசம் ஒரு ரிப்போர்ட் வந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம், அதாவது ஒரு குரோமோசோம் (உடலின் மரபுச் செய்தியைத் தாங்குகிற இழை) கூடிப்போனதால் உடல், அறிவு வளர்ச்சி பிந்துகிற நிலை, இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்கிற சோதனை அது. 1:180 என்று போட்டு, பக்கத்தில் 'ஹை ரிஸ்க்' என்றிருந்தது. அன்றிரவு வீட்டில் அடுப்பே எரியவில்லை. 180 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி, மற்ற 179 பேருக்கும் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம் என்று ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர் சொல்லியிருந்தால் அவ்வளவு கண்ணீர் தேவைப்பட்டிருக்காது.

முதல் பிழையே இதுதான், ஸ்கிரீனிங்கை, அதாவது வாய்ப்பை மட்டும் கணிக்கிற சோதனையை, தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. சுளகில் புடைப்பது போலத்தான் அது, ஓரத்துக்கு வந்ததெல்லாம் கல் இல்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கர்ப்பத்தின் 11 முதல் 14 கிழமைக்குள் (வாரத்துக்குள்) நஞ்சுக்கொடியில் சிறு துண்டு எடுத்தோ, 15 கிழமைக்குப் பிறகு பனிக்குட நீர் எடுத்தோ குரோமோசோம்களைப் பார்க்க வேண்டும். அந்த ஊசியால் கரு கலைகிற ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, ஆனாலும் இருக்கிறது.

அடுத்தது வயசு. "எனக்கு 26தானே" என்று விட்டுவிடுகிறார்கள். 25 வயதில் 1250 பிரசவத்தில் ஒன்று, 35இல் 350இல் ஒன்று, 40இல் 100இல் ஒன்று என்ற அளவில் வாய்ப்புக் கூடுவது உண்மைதான். ஆனால் பிள்ளை பெறுவோரில் பெரும்பாலானோர் 35க்குக் கீழே என்பதால், எண்ணிக்கையில் பார்த்தால் இளம் தாய்மாருக்குப் பிறக்கிற டவுன் பிள்ளைகளே அதிகம். 2007இல் அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் சங்கம் வயசு பார்க்காமல் எல்லாருக்கும் இந்தச் சோதனையைச் சொல்லலாம் என்று பழைய 35 கணக்கைக் கைவிட்டது.

நம் ஊரில் அதிகம் கோட்டை விடுவது காலத்தைத்தான். மூன்று மாசம் போகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று மறைத்து, மிட்வைஃபிடம் பிந்திப் பதிந்து, கிளினிக்குக்குப் போகிற நேரத்தில் பிள்ளையின் கழுத்துப் பின்பக்க நீரை அளக்கிற ஸ்கேனுக்கான காலம் முடிந்திருக்கும். அது 11 கிழமையிலிருந்து 13 கிழமை 6 நாள் வரைதான். தவறவிட்டால் 15 முதல் 20 கிழமைக்குள் செய்கிற தாயின் இரத்தத்தில் நான்கு பொருட்களை அளக்கிற சோதனை இருக்கிறது, அது கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். இங்கே கிளினிக்குக்குப் போனால் தானாக நடக்கிற விசயமும் இல்லை, நாமே கேட்க வேண்டும், பெரும்பாலும் காசும் கட்ட வேண்டும். கடைசி மாதவிடாய்த் திகதியைப் பிழையாகச் சொன்னால் கணக்கே மாறிவிடும், அதனால் ஸ்கேனில் கிழமையை உறுதிசெய்துவிட்டு இரத்தம் கொடுங்கள். நிறையையும் இரட்டைப் பிள்ளைகளா என்பதையும் சரியாகச் சொல்ல வேண்டும்.

அப்புறம் கனடாவிலிருந்து ஃபோன் வரும், "என்ஐபிடி செய்தியா?" என்று. தாயின் இரத்தத்தில் மிதக்கிற பிள்ளையின் டிஎன்ஏவை (மரபுப் பொருளை) பார்க்கிற ஸ்கிரீனிங் அது. அந்த டிஎன்ஏ அப்படி மிதப்பதை 1997இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோவின் குழு கண்டுபிடித்தது, 2011இல் சோதனையாக விற்பனைக்கு வந்தது, 10 கிழமையிலிருந்தே செய்யலாம். நூற்றுக்கு 99 பிடிக்கும் என்பது சரி, ஆனால் "பொசிட்டிவ் வந்தால் 99 வீதம் நிச்சயம்" என்று நினைப்பது பிழை. ஆயிரத்தில் ஒருவரின் பிள்ளைக்கு டவுன் இருக்கிற இளம் தாய்மார் 10,000 பேரை எடுங்கள். உண்மையாக இருக்கிற 10 பேரையும் பிடிக்கிறது, இல்லாத ஆயிரத்தில் ஒருவருக்குப் பிழையாகக் காட்டினாலே இன்னொரு 10 பேர். ஆக பொசிட்டிவ் வந்தவர்களில் பாதிப்பேருக்கு ஒன்றுமில்லை. 40 வயசில் இதே கணக்கைப் போட்டால் பத்தில் ஒன்பது உண்மையாகிவிடும்.

இன்னொன்று, இரத்தம் கொடுக்க முன்னரே யோசிக்க வேண்டியது. இலங்கைச் சட்டத்தில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்புக்கு இடம், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை இன்றும் அதுதான். அப்படியென்றால் தெரிந்து என்ன பயன்? டவுன் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இருதயக் குறை இருக்கும். முன்கூட்டித் தெரிந்தால் இருதய ஸ்கேன் எடுக்கலாம், சிசுப் பராமரிப்பு வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். தெரியவே வேண்டாம் என்று சோதனையைத் தவிர்ப்பவர்களும் உண்டு, அது அவர்கள் விருப்பம்.

மாமியார் "யார் பக்கத்து இரத்தம்?" என்று கேட்டால், நூற்றில் 95இல் அது முட்டை உருவாகும்போதோ விந்து உருவாகும்போதோ தற்செயலாக ஒரு 21ஆம் குரோமோசோம் கூடிப்போனது என்று சொல்லுங்கள். மூன்று, நான்கு வீதத்தில்தான் குரோமோசோம் இடம்மாறி ஒட்டியிருக்கும், அப்போது மட்டும் அடுத்த பிள்ளைக்கு முன் தாய், தகப்பன் இருவருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும்.