சுண்டெலிக் கூண்டு மாற்றுவது எப்படி? கூட்டை மட்டும் குப்பையில் போடாதீர்கள்

ஆய்வகத்தில் விலங்குப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தால் முதலில் கையில் கொடுப்பது கூண்டு மாற்றும் வேலைதான். பழைய கூண்டிலிருந்து எலியை எடு, புதுக் கூண்டில் விடு, மூடியைப் போடு, அடுத்தது. சொல்லித் தருபவர் ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் அறையில் ஆண் எலிகள் கூண்டு மாற்றிய அன்றே சண்டையைத் தொடங்கிவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் வாலடியிலும் பின்முதுகிலும் கடித்த காயம். எலியின் குணமே அப்படி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாற்றும் முறையில் இரண்டே விஷயங்களைத் திருத்தியதும் சண்டை பெருமளவு அடங்கியது. அந்த இரண்டும் நான்காவது படியில் இருக்கின்றன. அவசரம் என்றால் நேரே அங்கே போங்கள்.

அங்கி, தொப்பி, காலுறை, கையுறை போடுவதையெல்லாம் உங்கள் இடத்திலேயே காட்டுவார்கள். முகக்கவசம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சாதா சர்ஜிக்கல் மாஸ்க் போதாது, என்95 கேளுங்கள். எலியின் சிறுநீரில் வரும் ஒரு புரதம் காய்ந்து தூசியோடு பறக்கும். ஆய்வக ஊழியர்களுக்கு வரும் எலி ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் அதுதான். பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் 3 ஆண்டுகளுக்குள் தலைகாட்டும். தும்மலும் கண் அரிப்பும் விடுமுறையில் குறைந்து, வேலைக்கு வந்ததும் கூடினால் அதைச் சளி என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும்.

படி 1: வரிசை

நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளின் அறை முதலில், சாதாரண எலிகள் அடுத்து, புதிதாக வந்து தனிமையில் வைத்திருப்பவை கடைசியில். கடைசி அறைக்குள் போய்விட்டால் அன்றைக்கு முதல் அறைப் பக்கம் திரும்பக் கூடாது. ‘ஒரு பாட்டில் மட்டும் வைத்துவிட்டு வருகிறேன்’ என்பதும் கூடாது.

படி 2: தொடுவதற்கு முன் பாருங்கள்

கூண்டை ராக்கிலிருந்து இழுப்பதற்கு முன் வெளியிலிருந்தே உள்ளே பாருங்கள். அசைத்துவிட்டால் நோயாளி எலியும் பயத்தில் சுறுசுறுப்பாக ஓடும், உங்களுக்கு எதுவும் தெரியாது. கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறதா, மயிர் சிலிர்த்துக் கிடக்கிறதா, மற்றவற்றை விட்டு ஒதுங்கி இருக்கிறதா? முகத்தையும் பாருங்கள். வலியிருக்கும் எலி கண்ணை இடுக்கும், காதைப் பின்னால் தள்ளும், மூக்கின் மேலும் கன்னத்திலும் புடைப்பு தெரியும், மீசை இயல்பாக இருக்காது. இந்த ஐந்தையும் வைத்து மதிப்பெண் போடும் முறை 2010-இல் வெளியானது. சந்தேகம் வந்தால் கூண்டின் வெளியே மாட்டியிருக்கும் விவரக் கார்டில் குறித்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீங்களே முடிவெடுக்க வேண்டாம்.

கார்டையும் படியுங்கள். குட்டி போட்டு ஓரிரு நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் அந்தக் கூண்டை அப்படியே விட்டுவிடலாம். பாட்டில் ஒழுகிக் கூண்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் மட்டும் கை வைக்க வேண்டும்.

படி 3: புதுக் கூண்டு

பெட்டிங் (கூண்டின் அடியில் பரப்பும் மரத்தூள் போன்றது), தீனி, கூடு கட்டப் பொருள். இதில் பெரிதாக ஒன்றுமில்லை. கூடு கட்ட எதைக் கொடுப்பது என்பதில் மட்டும் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. சுருக்கிய காகித இழைதான் சிறந்தது. எலி அதை இழுத்து, பின்னி, மேலே மூடி போட்டதுபோல் கூடு கட்டும். அழுத்திய பஞ்சுச் சதுரம் மலிவு, எண்ணிக் கொடுப்பதும் எளிது. ஆனால் மயிரில்லாத எலிகளுக்கு அது வேண்டவே வேண்டாம். இமையில் முடி இல்லாததால் பஞ்சு இழை கண்ணுக்குள் போய்ப் புண்ணாகிவிடும்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். கூண்டுக்கு 8 முதல் 10 கிராம் வரை கொடுங்கள். அறையின் வெப்பம் வழக்கமாக 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அங்கியோடு வேலை செய்யும் நமக்கு அது சுகம். சுண்டெலிக்கு இதமான வெப்பம் 30 டிகிரியை ஒட்டி. அந்த இடைவெளியை அது கூடு கட்டித்தான் ஈடுகட்டுகிறது.

படி 4: எலியும் கூடும்

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் விஷயம், கூடு. பழைய கூண்டில் எலி கட்டிய கூட்டை, காய்ந்த பகுதியாகப் பார்த்து, ஒரு கைப்பிடி எடுத்துப் புதுக் கூண்டில் வையுங்கள். கலைக்காமல் மொத்தமாக எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. எலியை விடுவதற்கு முன்பே அது அங்கே இருக்க வேண்டும். எலிக்குத் தன் கூட்டத்தின் வாசனைதான் முகவரி. எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டால் யார் பெரியவன் என்ற கணக்கை ஆண் எலிகள் முதலிலிருந்து போட ஆரம்பிக்கும்.

சரி, வாசனைதானே வேண்டும், பழைய பெட்டிங்கில் ஒரு பிடி அள்ளிப் போட்டால் போதாதா? கூடாது. சிறுநீர் ஊறிய பெட்டிங்கைக் கொண்டுபோனால் சண்டை குறையாது, கூடும். ஏனென்றால் ஆண் எலி எல்லை குறிப்பதே சிறுநீரால்தான். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-இல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூட்டுப்பொருளை மாற்றி வைத்தபோது சண்டை குறைந்தது, பழைய மரத்தூளை மாற்றி வைத்தபோது கூடியது. எங்கள் அறையில் நல்லெண்ணத்தோடு பெட்டிங்கைத்தான் சேர்த்து அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று: இரண்டு கூண்டுகளில் எலி குறைவாக இருக்கிறதே என்று வளர்ந்த ஆண்களை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இடம் மிச்சமாகும், எலி மிஞ்சாது.

இரண்டாவது விஷயம், எலியை எடுக்கும் விதம். வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் உலகம் முழுக்கப் பழக்கம். விரைவாக முடியும், சந்தேகமில்லை. ஆனால் வாலில் தூக்கிய எலி உங்கள் கையைக் கண்டாலே ஓடும், சிறுநீர் விடும், அதன்பின் செய்யும் சோதனைகளிலும் அந்தப் பதற்றம் தெரியும். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் இருவரும் 2010-இல் இதைக் காட்டினார்கள். அவர்கள் சொன்ன மாற்று இரண்டு: குழாயில் எடுப்பது, இரு கையையும் குவித்து அள்ளுவது. நான் குழாய்க் கட்சி. குவித்த கையில் பழகாத எலி துள்ளிக் குதித்துவிடும், இளம் எலி என்றால் கேட்கவே வேண்டாம்.

செய்வது இப்படி. சுமார் 5 செ.மீ. விட்டமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயைக் கூண்டின் பக்கச் சுவரை ஒட்டிப் படுக்க வையுங்கள். குழாயால் எலியைத் துரத்தாதீர்கள். குழாய் அசையாமல் இருக்கட்டும், மற்றக் கை எலியின் பின்னாலிருந்து மெதுவாக வரட்டும். சுவரோரம் ஓடும் வழக்கத்தால் அது தானே உள்ளே நுழையும். நுழைந்ததும் குழாயைத் தூக்குங்கள், இரு முனையையும் உள்ளங்கையால் லேசாக மறைத்துக்கொள்ளுங்கள். புதுக் கூண்டில் குழாயைச் சாய்த்துப் பிடித்தால் பின்பக்கமாக வழுக்கி இறங்கிவிடும். குலுக்காதீர்கள்.

ஊசி போடவோ காது பார்க்கவோ அசையாமல் பிடிக்க வேண்டியிருந்தால், குழாயிலிருந்து கையில் இறங்கும்போது வாலின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளலாம், குழாயில் எடுத்த பலன் அதனால் கெடாது. வால் நுனியை மட்டும் எப்போதும் பிடிக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். ரப்பர் முனை வைத்த இடுக்கியால் வாலைக் கவ்வி மாற்றுவதைச் சில இடங்களில் சுத்தத்துக்காகச் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூண்டுக்கு ஒரு குழாயை உள்ளேயே போட்டுவைத்தால் தொற்றுப் பயமும் இல்லை, எலி ஒளிந்துகொள்ள இடமும் ஆச்சு.

படி 5: தண்ணீர் பாட்டில்

கவிழ்த்ததும் சில துளி சொட்டும், பிறகு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடைப்பானை அழுத்திப் பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள். முனையை விரலால் தட்டினால் ஒரு துளி வர வேண்டும், வராவிட்டால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. முனை பெட்டிங்கையோ கூட்டையோ தொடக்கூடாது. தொட்டால் பஞ்சு உறிஞ்சுவதுபோல் பாட்டில் முழுதும் இறங்கிவிடும். 25 கிராம் எடையுள்ள உயிர் இரவு முழுக்க ஈரத்தில் கிடந்தால் விடியும்போது குளிரில் விறைத்திருக்கும். வீட்டுக்குக் கிளம்புமுன் மாற்றிய கூண்டுகளை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

படி 6: அடுத்த கூண்டுக்கு முன்

கையுறையில் கிருமிநாசினி தெளித்து, ஈரம் குறிப்பிட்ட நேரம் நிற்கும்வரை காத்திருங்கள். 70 சதவீத ஆல்கஹாலை மட்டும் நம்பாதீர்கள், எலிகளின் பார்வோ வைரஸ் அதற்கு மசியாது. ஹைட்ரஜன் பெராக்சைடு வகையோ குளோரின் டையாக்சைடோ தேவை. கார்டைக் கூண்டோடு சேர்த்தே நகர்த்துங்கள், இரண்டு கூண்டுகளை ஒரே நேரத்தில் திறக்காதீர்கள்.

பின்சேர்க்கை: பலர் கேட்டவை

‘எலி குழாய்க்குள் நுழைய மறுக்கிறது.’ குழாயை முந்தின நாளே கூண்டில் போட்டுவிடுங்கள். அறைச் சத்தத்தையும் கவனியுங்கள். நமக்குக் கேட்காத மீயொலியைச் சுண்டெலி நன்றாகக் கேட்கும். கிறீச்சிடும் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள்.

‘குட்டிகளை எப்படி மாற்றுவது?’ தாயை முதலில் குழாயில் எடுத்து வையுங்கள். பிறகு குட்டிகளைக் கூட்டோடு சேர்த்து ஒரே அள்ளாக அள்ளுங்கள். கையுறையைப் பழைய கூட்டில் தேய்த்துக்கொண்டு தொட்டால் அந்நிய வாசனை குறையும்.

‘அடிக்கடி மாற்றினால் நல்லதுதானே?’ இல்லை. ஒவ்வொரு மாற்றமும் எலிக்குத் தொந்தரவு. காற்றோட்டம் தனியாக இல்லாத கூண்டில் அம்மோனியா சீக்கிரம் சேரும், அதனால் வாரம் ஒருமுறை. தனித்தனிக் காற்றோட்டமுள்ள ஐவிசி கூண்டு பொதுவாக இரண்டு வாரம் தாங்கும். ஆனால் ஐவிசி வைத்திருப்பவர்கள் கூண்டைத் திரும்ப ராக்கில் தள்ளும்போது அது கடைசிவரை போய்ப் பொருந்தியதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். அரைகுறையாக நின்றால் உள்ளே காற்று போகாது, வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.