50 ஹெர்ட்ஸ் கோட்டை மறைக்காதீர்கள்: உறக்க ஆய்வகத்தின் இரவுப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஒரு நாள், இரவு பத்தே முக்கால் மணி. பயிற்சிக்கு வந்திருக்கும் பெண் திரையில் தடித்துக் கிடந்த கோட்டைப் பார்த்தாள். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைத் திரையிலிருந்து நீக்கும் வடிகட்டிக்கான பொத்தானை அழுத்தினாள். கோடு மெலிந்தது. "அக்கா, சரியாகிவிட்டது. விளக்கை அணைத்துவிடலாமா?" என்று கேட்டாள். எனக்கு அடிவயிறு கலங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதே பொத்தானை அதே நிம்மதியோடு அழுத்தியிருக்கிறேன்.

பல்கலைக்கழக உறக்க ஆய்வகத்துக்கு இரவுப் பணிக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவரும் நான் இடறிய கல்லிலேயே இடறுகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். தூங்க வருபவரின் தலையிலும் முகத்திலும் எலக்ட்ரோடு எனும் சிறு கிண்ணங்களை ஒட்டி, மூளையலையை இரவு முழுக்கப் பதிவு செய்வதுதான் எங்கள் வேலை. பணி நேரத்தில் தூங்கக் கூடாது, கைபேசியில் மூழ்கக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

எண்ணெய்த் தலையோடு மல்லுக்கட்டுவது

சென்னையில் தேங்காய் எண்ணெய் படாத தலை குறைவு. "தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் வைக்க வேண்டாம்" என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும், குளித்துத் துவட்டியதும் பழக்கதோஷத்தில் இரண்டு சொட்டுத் தடவிக்கொண்டு வரும் அம்மாக்கள் உண்டு. அந்தத் தலையைப் பஞ்சால் துடைத்துத் துடைத்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள். ஷாம்பு கொடுத்துக் குளியலறைக்கு அனுப்புங்கள். அரை மணி நேரம் போனால் போகட்டும். நெற்றியில் எலக்ட்ரோடு வைக்கப் பொட்டை எடுக்க வேண்டியிருந்தால் முதலில் கேளுங்கள். அவர்களே எடுத்துப் பத்திரப்படுத்தட்டும்.

கண்ணளவில் ஒட்டுவது

டேப் எடுத்து அளந்து, பென்சிலால் குறித்த பிறகே ஒட்டுங்கள். எலக்ட்ரோடுகளின் இடங்களைத் தலை அளவின் விழுக்காட்டில்தான் குறிக்கிறோம். மூக்குத்தண்டின் மேற்பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை 36 செ.மீ. என்றால் அதில் பத்து விழுக்காடு 3.6 செ.மீ.; 4 செ.மீ. அல்ல.

கோளாறை வடிகட்டியால் மூடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. சுவரிலும் கட்டிலருகே ஓடும் ஒயரிலும் இருக்கும் அந்தத் துடிப்பு, படுத்திருப்பவரின் உடலிலும் ஏறும். மூளையலையைப் பதிவு செய்யும் பெருக்கி இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான் காட்டும். இரண்டும் தோலோடு ஒரே மாதிரி நன்றாகப் பொருந்தியிருந்தால், இரண்டிலும் சம அளவில் வரும் 50 ஹெர்ட்ஸ் கழிந்துபோகும். ஒன்று மட்டும் சரியாக ஒட்டவில்லை என்றால் சமன் குலையும். கழியாத மிச்சம் திரையில் பட்டையாக வந்து நிற்கும். எந்த எலக்ட்ரோடு ஒட்டவில்லை என்று அந்தப் பட்டை நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வடிகட்டியைப் போட்டால் அந்தக் குரல் அடங்கும். ஒட்டாத எலக்ட்ரோடு ஒட்டாமல்தான் இருக்கும்.

பட்டை எங்கே வருகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு கோட்டில் மட்டும் என்றால் அந்த எலக்ட்ரோடு. ஒரு காதுப்பின் எலக்ட்ரோடை (மற்றவற்றை ஒப்பிடுவதற்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டுவது) பொதுவாகக் கொண்ட எல்லாக் கோடுகளிலும் என்றால் அந்தக் காதுப்பின். ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் என்றால் தரை இணைப்பு. பிறகு இம்பீடன்ஸை, அதாவது தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின் தடையை, சோதியுங்கள். 5 கிலோஓமுக்குக் கீழே இறங்கும்வரை அறையை விட்டு வராதீர்கள்.

என் முதல் ஆண்டில் நடந்தது இது. ஒரு கல்லூரி மாணவர், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வருவார். நான்கு இரவு ஆய்வு: பழகிக்கொள்ள ஓர் இரவு, வழக்கமான உறக்கத்துக்கு ஓர் இரவு, விடிய விடிய விழித்திருக்க ஓர் இரவு, அதன்பின் தூங்கவிட்டு அளக்க ஓர் இரவு. அந்த நான்காவது இரவுக்காகத்தான் முதல் மூன்றும். அன்று நான் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து விழுந்தார். இடது காதுப்பின் எலக்ட்ரோடு 30 கிலோஓமைத் தாண்டி நின்றது. பாவம், தூங்கட்டும், வலது பக்கம் இருக்கிறதே என்று வடிகட்டியைப் போட்டு விளக்கை அணைத்தேன். இருபது நிமிடத்தில் அவர் வலது பக்கம் புரண்டார். தலையணையில் உராய்ந்து வலது காதுப்பின்னும் கழன்றது.

உள்ளே போய் ஒட்டலாமே என்பீர்கள். முடியாது. இழந்த உறக்கத்தை ஈடுகட்டும் ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் வந்துவிடுகிறது. அளக்க வேண்டியதே அந்த உறக்கத்தைத்தான். எழுப்பினால் அதையே நான் உடைத்தவள் ஆவேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இரண்டேகால் மணி நேரம் வெறும் குப்பை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடிகட்டி மாற்றியது திரையை மட்டுந்தான். மறுநாள் ஆய்வாளர் மூலத் தரவைத் திறந்தபோது எல்லாம் அம்பலமாகியது. ஓர் இளைஞர் தந்த நான்கு இரவுகள், அதில் ஒன்று முழுக்கக் கண் விழித்தது, அத்தனையும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. ஐந்து நிமிடம் அவரை உட்காரவைத்துத் தோலைத் தேய்த்துப் புதுப் பேஸ்ட் வைத்திருந்தால் போதும். இன்றும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

வியர்வையிலும் இதே கதைதான். சித்திரை வெக்கையில் ஏசி தடுமாறினால் கோடுகள் மெல்ல மேலும் கீழும் அலையும். பழகாத கண்ணுக்கு ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான அலைபோலவே தெரியும். உடனே மெதுவான அலைவுகளை நீக்கும் கீழ் எல்லை வடிகட்டியை உயர்த்திவிடுகிறார்கள். அலைச்சலோடு சேர்ந்து உண்மையான மெதுவான அலையும் கண்ணிலிருந்து மறைகிறது. அறையைக் குளிரவையுங்கள், கனத்த போர்வையை மாற்றிக் கொடுங்கள்.

தொடக்கச் சோதனையைச் சடங்காக முடிப்பது

"கண்ணைத் திறந்திருங்கள், இப்போது மூடுங்கள், இடது, வலது, பல்லைக் கடியுங்கள், பாதத்தை மடக்குங்கள்." மைக்கில் இதை ஒப்பித்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் இருப்பவர்களை என்னவென்று சொல்வது? கண்ணை மூடியதும் பின்தலையில் ஆல்ஃபா, அதாவது விழித்தபடி கண்மூடி ஓய்ந்திருக்கும்போது வரும் மூளையலை, எழுகிறதா என்று பாருங்கள். சிலருக்கு அது எழவே எழாது. அவர் எப்போது தூங்கத் தொடங்கினார் என்பதைக் கண்களின் மெதுவான உருளலை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கும். பதிவைப் பார்த்து உறக்க நிலைகளைத் தரம் பிரிப்பவருக்கு அந்தச் செய்தி இந்தச் சோதனையிலிருந்துதான் கிடைக்கும். இடது வலது பார்க்கும்போது இரு கண்களின் கோடுகளும் எதிரெதிராகப் போக வேண்டும். ஒரே பக்கம் போனால் ஒயரை எங்கோ தவறாகச் செருகியிருக்கிறீர்கள்.

குறிப்பைக் காலையில் எழுதிக்கொள்ளலாம் என்பது

காலையில் நினைவிருக்காது. கழிப்பறைக்குப் போனது, இருமியது, மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறிய அந்தச் சில நொடிகள், எல்லாவற்றையும் அந்த நிமிடமே நேரத்தோடு எழுதுங்கள். விளக்கை அணைத்த நேரத்தைத் தவறவிட்டால் தூங்க எவ்வளவு நேரமாயிற்று என்ற கணக்கே நிற்காது.

கடிகாரங்கள்

வீடியோவும் மூளையலைப் பதிவும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்று தினமும் பாருங்கள்.

மணி சொல்வது

நள்ளிரவில் "மணி என்னம்மா?" என்று கேட்டால் சொல்லாதீர்கள்.

காலையில் பிடுங்குவது

விடியும்போது நமக்கு வீட்டுக்குப் போகும் அவசரம். அந்த அவசரத்தில் முடியோடு சேர்த்து இழுத்துவிடுகிறோம். சென்ற வாரம் வந்தவர் ஒரு பெரியவர். அந்தப் பயிற்சிப் பெண் இரவில் எலக்ட்ரோடை மறுபடி ஒட்டி 3 கிலோஓமுக்குக் கொண்டுவந்தாள். பதிவு கடைசிவரை பிசிறில்லாமல் வந்தது. காலையில் அவரை உட்காரவைத்து, வெந்நீரில் நனைத்த பஞ்சை ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் அழுத்தி வைத்தாள். பேஸ்ட் இளகி, கிண்ணங்கள் தாமாகவே கையோடு வந்தன. பெரியவர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, அடுத்த இரவுக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.