மின்சாரக் கார் வாங்கும் முன்: உங்களுக்கு எத்தனை யூனிட் பேட்டரி தேவை?

மின்சாரக் கார் வாங்க ஷோரூமுக்குப் போகிறவரை முதலில் குழப்புவது பேட்டரியின் அளவுதான். ஒரே கார் இரண்டு அளவுகளில் வருகிறது. டாடா நெக்ஸானில் 30, 45 கிலோவாட் மணி. ஹூண்டாய் கிரெட்டாவில் 42, 51.4, எம்ஜி வின்ட்சரில் 38, 52.9, மஹிந்திரா பிஇ 6-இல் 59, 79 கிலோவாட் மணி. சிறியதற்கும் பெரியதற்கும் இடையே விலை பெரும்பாலும் லட்சங்களில் வேறுபடுகிறது. "எதற்கும் பெரியதாக எடுத்துவிடுங்கள், வழியில் நிற்காது" என்பதுதான் பலரும் சொல்லும் அறிவுரை. அந்த அறிவுரையைக் கேட்டுக் கடனை இன்னும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கொண்டவர்களையும், விலையை மட்டும் பார்த்துச் சிறியதை வாங்கிவிட்டு ஒவ்வொரு வெளியூர்ப் பயணத்திலும் திரையில் மீதிச் சார்ஜையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு தவறுகளும் நேராமல் இருக்க ஒரு நோட்டும் பேனாவும் இரண்டு வாரப் பொறுமையும் போதும்.

முதல் படி: கிலோவாட் மணியை யூனிட் என்று படியுங்கள்

ஒரு கிலோவாட் மணி என்பது உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையில் இருக்கும் ஒரு யூனிட்டேதான். 45 கிலோவாட் மணி பேட்டரி என்றால் 45 யூனிட் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் தொட்டி. பெட்ரோல் காரில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறோமே, அதைப் போலவே இங்கே யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டால் மீதி எல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே நீக்கிவிடலாம். பெரிய பேட்டரி வாங்கினால் மின்கட்டணம் கூடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கட்டணம் நீங்கள் ஓட்டும் தூரத்தைப் பொறுத்தது. தொட்டி பெரியதா சிறியதா என்பது அதில் பெரிய மாற்றம் செய்யாது.

இரண்டாம் படி: விளம்பரத் தூரத்தைக் குறைத்துக் கணக்கிடுங்கள்

ஒரு முழுச் சார்ஜில் ஓடும் என்று விளம்பரத்தில் காணப்படும் தூரம் இந்திய ஓட்டச் சுழற்சி முறைப்படி ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுவது. அந்தச் சோதனையின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். நான்கு பேரும் மூட்டை முடிச்சும் ஏற்றிக்கொண்டு, மே மாத வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு, நான்குவழிச் சாலையில் 100-இல் போகிறவருக்கு அந்தத் தூரம் கிடைக்காது. 45 யூனிட் நெக்ஸானுக்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 489 கிலோமீட்டர். ஆனால் நடைமுறையில் 350 முதல் 370 வரை எதிர்பார்க்கலாம் என்று அந்த நிறுவனமே கூறுகிறது. எந்தக் காராக இருந்தாலும் விளம்பர எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் பேசத் தொடங்குவது நல்லது.

தொடக்கக் கணக்குக்கு இந்த எண்களை வைத்துக்கொள்ளுங்கள்: டியாகோ போன்ற சிறிய காருக்கு ஊருக்குள் யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர், நெக்ஸான், வின்ட்சர், கிரெட்டா போன்றவற்றுக்கு ஊருக்குள் 7, குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகும்போது 6. சென்னை போன்ற நகரத்தின் நெரிசலில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஏசி கிலோமீட்டர் பார்த்துச் செலவழிப்பதில்லை, நேரம் பார்த்துச் செலவழிக்கிறது. கடும் வெயிலில் ஒரு மணி நேரம் நகராமல் நின்றால், சக்கரம் சுழலாமலேயே ஒன்று முதல் ஒன்றரை யூனிட் போய்விடும்.

மூன்றாம் படி: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

இப்போது வைத்திருக்கும் காரின் ஓடோமீட்டரை ஒவ்வொரு இரவும் நோட்டில் எழுதுங்கள். பைக்கில் போகிறவரும் அதையே செய்யலாம். அதோடு, கடந்த ஓராண்டில் சென்ற வெளியூர்ப் பயணங்களை நினைவிலிருந்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "அங்கே வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, பக்கத்தில் பிளக் இருந்ததா" என்பதையும் குறியுங்கள். இந்தக் கடைசி விவரத்தை யாரும் எழுதுவதில்லை. பேட்டரியின் அளவைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் அதுதான்.

என் தம்பியின் கணக்கையே காட்டுகிறேன். வீடு தஞ்சாவூரில், வேலை கும்பகோணத்தில். போக வர 80 கிலோமீட்டர், ஊருக்குள் ஓர் 10; ஆக நாளுக்கு 90. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் 13 யூனிட் போதும். தொடக்கத்தில் சொன்ன கார்களில் மிகச் சிறிய பேட்டரிகூட இதற்குத் தாங்கும். மாதம் இரண்டு முறை மாமனார் ஊரான காரைக்குடிக்குப் போய் அன்றே திரும்புவார்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ஆண்டுக்கு இரண்டு முறை சென்னை. ஒரு வழிக்குச் சுமார் 330 கிலோமீட்டர்.

இதில் எந்தப் பயணத்துக்காகப் பேட்டரி வாங்குவது? தினசரி ஓட்டத்துக்கு எதுவும் போதும். சென்னைப் பயணம் ஆண்டுக்கு இரண்டே முறை வருவது, அந்த வழியில் வேகச் சார்ஜர்களும் உண்டு. அடிக்கடி வருகிற, வழியில் சார்ஜ் ஏற்றுவதற்காக நிற்க விரும்பாத, மிக நீண்ட பயணம் எதுவோ அதுதான் அளவுகோல். தம்பிக்கு அது காரைக்குடி.

நான்காம் படி: கணக்கைப் போடுங்கள்

200 கிலோமீட்டரை 6-ஆல் வகுத்தால் 33 யூனிட். பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்து வீட்டுக்கு வருவது கூடாது என்பதால் 15 சதவீதம் கையிருப்பு வேண்டும், 33-ஐ 0.85-ஆல் வகுத்தால் 39. காலப்போக்கில் பேட்டரியின் கொள்ளளவு குறையும் என்பதால், எட்டு ஆண்டு கழித்து 80 சதவீதம்தான் மிஞ்சும் என்று வைத்து இன்னொரு முறை 0.8-ஆல் வகுத்தால் 49. (8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பேட்டரிக்குப் பரவலாகத் தரப்படும் உத்தரவாதம். கொள்ளளவு எந்தச் சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.) ஆக, தம்பிக்கு 50 யூனிட் பேட்டரி தேவை என்று கணக்கு சொல்கிறது.

ஆனால் காரைக்குடியில் கார் நான்கு மணி நேரம் நிற்கிறது. மாமனார் வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு இரண்டரை யூனிட் வீதம் 10 யூனிட் ஏறும். அதைக் கழித்தால் தேவை 23 யூனிட், அதே 0.85, 0.8 வகுத்தலுக்குப் பிறகு 34. சாப்பிட்டுவிட்டு மாமனாரோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் சுவரில் இருக்கும் ஒரு பிளக் 15 யூனிட் பேட்டரியின் வேலையைச் செய்துவிடுகிறது.

அந்தப் பிளக் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் முறை அங்கே பழைய வயரிங்கில் இருந்த பிளக்கில் மாட்டியபோது, அரை மணி நேரத்தில் பிளக்கின் மேல்புறம் தொட முடியாத அளவுக்குச் சுட்டது. உடனே நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயின் பெட்டியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் தனி இணைப்பும், தனி எம்சிபியும் (மின்சுமை மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல எர்த்தும் போட்ட பிறகுதான் மீண்டும் சார்ஜ் செய்தார்கள். அந்தச் செலவு, பேட்டரியில் மிச்சமானதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. தம்பி எடுத்திருந்தது 42 யூனிட் கார்.

ஐந்தாம் படி: வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உண்டா?

தனி வீட்டுக்காரர் தினமும் இரவு பத்து முதல் காலை ஆறு வரை சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் போட்டாலே 20 யூனிட் ஏறும்; அதாவது ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அவருக்குத் தினமும் காலையில் தொட்டி நிரம்பியிருக்கும் என்பதால் பேட்டரி சிறியதாக இருந்தாலும் குறை தெரியாது. 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வைக்க விரும்பினால், மின் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட சுமை அதற்குப் போதுமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

அடுக்குமாடியில் குடியிருந்து, கார் நிறுத்தும் இடத்தில் மின் இணைப்பு கிடைக்காதவரின் நிலை வேறு. நாளுக்கு 40 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறார் என்றாலும், பொதுச் சார்ஜருக்கு நான்கு நாளைக்கு ஒரு முறை மட்டும் போக வேண்டும் என்றால் 160 கிலோமீட்டருக்கு 23 யூனிட் கையில் வேண்டும். வேகச் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் அவர் பயன்படுத்துவது 20 முதல் 80 சதவீதம் வரையிலான பகுதியை மட்டுமே. 23-ஐ 0.6-ஆல் வகுத்தால் 38. தினமும் தம்பியைவிடப் பாதி தூரம்கூட ஓட்டாத இவருக்கு, பேட்டரி பழையதாகும்போது குறைவதையும் சேர்த்தால், தம்பியைவிடப் பெரிய பேட்டரி தேவைப்படுகிறது. குறைவாக ஓட்டுகிறவருக்குச் சிறியது போதும் என்ற பொதுவான பேச்சு இங்கேதான் பொய்யாகிறது.

ஆறாம் படி: நீண்ட பயணத்தைத் தனியே சரிபாருங்கள்

42 யூனிட் காரில் தஞ்சாவூரிலிருந்து முழுச் சார்ஜோடு கிளம்பினால், பாதி வழியான விக்கிரவாண்டிப் பக்கம் வரும்போது 27 அல்லது 28 யூனிட் செலவாகி 14 மிஞ்சும். மீதிப் பாதிக்கும் கையிருப்புக்கும் சேர்த்து 34 வேண்டும். எனவே 20 யூனிட் ஏற்ற வேண்டும். நல்ல வேகச் சார்ஜரில் அது அரை மணி நேரம், ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம். ஆண்டுக்கு இரண்டு பயணங்களில் மிச்சமாகும் இந்த அரை மணி நேரங்களுக்காக லட்சங்களைக் கூடுதலாகக் கொடுப்பதா என்பதை வாங்குகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கொடுக்க மாட்டேன். வாரம்தோறும் அப்படி ஓடுகிற விற்பனைப் பிரதிநிதி என்றால், தயங்காமல் பெரியதை எடுக்கச் சொல்வேன்.

மலைப்பயணம் அடிக்கடி உண்டென்றால் ஒரு சிறு கூட்டல் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே 9 யூனிட் போகும். சாலையில் ஓடும் செலவு அதற்கு மேல். இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரிப்பதால் அதில் நல்ல பகுதி பேட்டரிக்குத் திரும்பிவிடும், ஆனால் ஊட்டியிலேயே நூறு சதவீதம் ஏற்றிவிட்டால் அப்படித் திரும்பும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் இருக்காது.

ஏழாம் படி: ஓட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்

ஷோரூம்காரர் தெருமுனை வரை ஓட்டக் கொடுப்பது இந்தக் கணக்குக்கு உதவாது. குறைந்தது 40 கிலோமீட்டர், நீங்கள் வழக்கமாகப் போகும் சாலையில், வீட்டில் உள்ளவர்களையும் ஏற்றிக்கொண்டு, மதிய வெயிலில் ஏசியோடு ஓட்டக் கேளுங்கள். கிளம்பும் முன் டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். திரையில் யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்றோ, 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்றோ காட்டும். இரண்டாவது வகையானால் 100-ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். கிடைத்த எண்ணை நான்காம் படியில் 6 இருந்த இடத்தில் போட்டு, மீண்டும் ஒரு முறை கணக்கிட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.